மெர்ஜ் பண்ணும் உரிமை யாரிடம்?

கொழும்பில் எங்கள் பிள்ளைகள் சேர்ந்து தொடங்கும் திறந்த மூலத் திட்டங்களில் (எவரும் கோட்டைப் பார்த்துத் திருத்தக்கூடியவை), அது எழுத்துருவோ விசைப்பலகையோ சொற்பிழை திருத்தியோ, முடிவெடுப்பதற்கு ஒரே ஒரு விதிதான் இருக்கும்: "எல்லாரும் சேர்ந்து கதைச்சு முடிவெடுப்பம்." அதை விதி என்று என்னால் ஏற்க முடியாது. அதிகாரம் அப்போதும் யாரிடமோ இருக்கத்தான் செய்கிறது. கோட்டை வைத்திருந்து, வரும் மாற்றங்களை அதில் சேர்க்கும் (மெர்ஜ்) கிட்ஹப் தளத்தில் அட்மினாக இருப்பவரிடம், டொமைனுக்கு வருடா வருடம் காசு கட்டுபவரிடம், ஆண்ட்ராய்டு செயலியின் அப்டேட் உண்மையானது என்று காட்டும் கையொப்பச் சாவியைத் தன் மடிக்கணினியில் வைத்திருப்பவரிடம். அந்தச் சாவிக்கு வேறு பிரதி இல்லாமல் மடிக்கணினி பழுதானால், அதே செயலிக்கு அப்டேட் அனுப்ப வழியில்லாமல் போகலாம்.

ஒருவர் தலைமை தாங்குவது பிழையென்று சொல்லவரவில்லை. பைதான் நிரல்மொழி பல ஆண்டுகள் அதை உருவாக்கிய குவிடோ வான் ரொசமின் இறுதிச் சொல்லில்தான் வளர்ந்தது. 2018இல் பெப் 572 என்ற மொழி மாற்ற முன்மொழிவு பற்றிய கடும் வாதத்துக்குப் பிறகு, அடுத்தவர் யாரென்று சொல்லாமலே அவர் விலகினார். எப்படி முடிவெடுப்பது என்பதை முடிவெடுக்கவே அந்தச் சமூகத்துக்கு ஜூலையிலிருந்து டிசம்பர் வரை பிடித்தது. கடைசியில் ஐந்து பேர் கொண்ட வழிநடத்தல் குழுவைத் தெரிவுசெய்தார்கள். ஒரே நிறுவனத்தில் வேலை செய்பவர்கள் அதில் இரண்டு பேருக்கு மேல் இருக்க முடியாது. எங்களுக்கு மிகவும் தேவையான விதி இது. இங்கே ஒரு திட்டத்தின் முக்கியமான நாலைந்து பேரும் ஒரே அலுவலகத்தில் இருந்துவிட்டால், மதியச் சாப்பாட்டு மேசையிலேயே முடிவு எடுபட்டுவிடும். வெளியில் இருந்து பங்களிப்பவருக்கு விடயம் மெர்ஜ் ஆன பிறகுதான் தெரியவரும்.

பல திறந்த மூலத் திட்டங்களை நடத்தும் அப்பாச்சி அமைப்பின் முறை கொழும்புக்குப் புதிதல்ல. அந்த அமைப்பின் வலைச்சேவை மென்பொருளான அக்சிஸ்2 உருவானதில் இங்குள்ள பொறியியலாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. அந்த முறையில் வாக்கெடுப்பு குறைந்தது 72 மணித்தியாலம் திறந்திருக்கும். கொழும்பில் வெள்ளி இரவு பத்து மணியென்றால் ரொறன்ரோவில் அது வேலை நேரம். வாட்ஸ்அப்பில் அரை மணித்தியாலத்தில் எடுக்கும் முடிவில் அங்குள்ளவர்களுக்கு இடமே இல்லை. போயா விடுமுறையோடு நீண்ட வார இறுதி வந்தால் 120 மணித்தியாலம் கொடுங்கள், ஒன்றும் கெட்டுவிடாது. கோட் மாற்றத்துக்கு ஒருவர் −1 (எதிர்ப்பு வாக்கு) போட்டால் அது தடைதான், ஆனால் தொழில்நுட்பக் காரணத்தையும் அவர் எழுத வேண்டும். "எனக்குப் பிடிக்கவில்லை" என்பது தடையாகாது. புதிய பதிப்பை ரிலீஸ் செய்வதை எவராலும் தனியே தடுக்க முடியாது. குறைந்தது மூன்று +1 (ஆதரவு வாக்கு) வேண்டும், அவை −1களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்.

உரிமையைக் கைமாற்றும்போதும் அவசரம் கூடாது. எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளைத் தனியாளாகப் பராமரித்துக் களைத்திருந்தவரிடம் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, ரிலீஸ் செய்யும் உரிமையையும் பெற்று, 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் களவாக உள்நுழைய ஒரு பின்கதவு வைத்தார். ஆகவே மெர்ஜ் உரிமையையும் ரிலீஸ் உரிமையையும் ஒன்றாகத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் தொடர்பில் இல்லாதவரின் உரிமை தானாகவே நீங்கும் என்றும் எழுதிவையுங்கள். திரும்பி வந்து கேட்டால் கொடுக்கலாம்.

இவ்வளவையும் திட்டத்தின் கோட் இருக்கும் ரெப்போவிலேயே ஒரு கோப்பில் எழுதலாம், ஒரு பக்கம் போதும். எழுதிய கையோடு செட்டிங்ஸையும் பாருங்கள். மெயின் பிராஞ்சில், அதாவது திட்டத்தின் முதன்மைக் கோட்டில், மாற்றம் சேர இரண்டு பேரின் ஒப்புதல் வேண்டுமென்று போட்டாலும், அட்மின்கள் அதைத் தாண்டிப்போக கிட்ஹப் வழக்கமாக இடம் விட்டிருக்கும். அதை மூடும் தெரிவு அதே பக்கத்தில் கீழே இருக்கிறது.