வெறும் புல்தானே?

ஊட்டிக்குப் பக்கத்தில் நான் அடிக்கடி போகும் ஒரு புல்மேட்டில் போன ஜூன் மாதம் வரிசையாகக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். மரம் நடும் விழாவாம். ஒரு குழியின் ஓரத்தில், தடித்த இரண்டு இலைகளோடு ஒரு சின்னக் கிழங்கு மண்ணில் கிடந்தது. கையில் எடுத்துக் காட்டி, "அண்ணே, இது ஆர்க்கிட் செடி, இந்த இடத்தை விட்டுடுங்க" என்றேன். "வெறும் புல்தானே தம்பி, காலியாக் கிடக்கிற இடத்துல நாலு மரம் வந்தா நல்லதுதானே" என்றார். கெட்ட எண்ணம் துளியும் இல்லாத மனிதர். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

அந்தச் செடியின் பெயர் சாட்டிரியம் நேபாலென்ஸ். மரக்கிளையில் தொற்றாமல் தரையில் வளரும் ஆர்க்கிட். இமயமலை, நீலகிரி, பழனி மலை, இலங்கையின் மலைகள் என்று உயரமான இடங்களில் இருக்கிறது. மழைக்காலத்தின் பிற்பாதியில் புல்லுக்கு நடுவே ஒரு தண்டு எழும்பி, உச்சியில் ரோஸ் நிறப் பூக்கள் நெருக்கியடித்துப் பூக்கும். குனிந்து ஒரே ஒரு பூவைப் பாருங்கள். பின்பக்கம் இரண்டு மெல்லிய கொம்புகள் தொங்கும், தேன் அதற்குள்தான். பெரும்பாலான ஆர்க்கிட்களில் பூ விரியும்போது காம்பு அரைச் சுற்று முறுக்கிக்கொண்டு உதட்டிதழைக் கீழே கொண்டுவரும். இது முறுக்கிக்கொள்வதில்லை. உதடு மேலேயே நின்று, பூ முக்காடு போட்ட மாதிரி இருக்கும்.

பூத்து முடிந்ததும் தண்டும் இலையும் காய்ந்துவிடும். ஜனவரி உறைபனியில் புல் கருகிக் கிடக்கும்போது செடி கிழங்காக மண்ணுக்குள் தூங்குகிறது. மேலே பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. மறுபடி மழை பிடித்து இலை விடும் சமயத்தில்தான் நாம் கடப்பாரையோடு போய் நிற்கிறோம்.

பிடுங்கி வேறு இடத்தில் வைத்துவிடலாமே என்கிறார்கள். அது அவ்வளவு சுலபமில்லை. இதன் விதை தூசி போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது. மண்ணில் இருக்கும் ஒரு பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். அந்த மண், அந்தப் புல், அந்த வெயில் எல்லாம் சேர்ந்ததுதான் இந்தச் செடி.

நீலகிரியின் உச்சிகளில் பள்ளத்தில் சோலைக்காடும் மேட்டில் புல்வெளியுமாக இருப்பதுதான் இயற்கை. மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்து பவானிக்கும் மாயாற்றுக்கும் மெல்ல விடுவதில் புல்லுக்கும் பங்கு உண்டு. வரையாடு மேய்வதும் அங்கேதான். வெள்ளைக்காரர்கள் இதைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள். 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும் (வாட்டில் மரம், சீகைக்காய் அல்ல) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வந்தன. அப்புறம் விறகுக்கு, தோல் பதனிட, மரக்கூழ் ஆலைக்கு என்று மேடு மேடாக நட்டோம். சீகை இன்றைக்கு யாரும் நடாமலேயே பரவுகிறது. அதன் நிழல் விழுந்த இடத்தில் புல் போய்விடும், புல்லோடு ஆர்க்கிட்டும் போய்விடும்.

அன்றைக்கு நட்டவை நாட்டு மரக் கன்றுகள்தான், சோலை மரங்கள்தான். ஆனாலும் புல்மேடு அவற்றுக்கான இடமில்லை. நட வேண்டுமென்றால் அழிந்துபோன சோலைகளின் ஓரத்தில் நடுங்கள், நானும் கூட வருகிறேன். புல்மேட்டில் செய்ய வேண்டிய வேலை சீகைக் கன்றுகளைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்குவது.

செப்டம்பரில் திரும்பப் போனேன். முந்தின வருஷம் அந்தச் சரிவில் 40 பூந்தண்டுகளுக்கு மேல் எண்ணியிருந்தேன். இந்தத் தடவை 11. அதில் ஒன்று, கன்று பட்டுப்போன குழியின் விளிம்பில், பாதி மண் சரிந்து, சாய்ந்தபடி பூத்திருந்தது.