கன்ட்ரோல் ரூமுக்கு எதற்கு பூட்ஸ்?

அவசர அழைப்பு கன்ட்ரோல் ரூமில் வேலை பார்ப்பவர்களுக்குச் சீருடை வேண்டுமா, வேண்டாமா என்ற சண்டை ஓய்வதே இல்லை. நிர்வாகி மாறினால் போதும், முதல் சுற்றறிக்கை உடையைப் பற்றித்தான் வரும். முன்பு இருந்தவர் போலோ டி-ஷர்ட் போதும் என்றிருப்பார். புதியவர் காலர் வைத்த முழுச்சட்டை, தோளில் பட்டை, மார்பில் உலோக பேட்ஜ், கறுப்பு பூட்ஸ் என்பார். அவருக்கு அடுத்து வருபவர் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு "கண்ணியமான அலுவலக உடை" என்று ஒரு வரியில் முடித்துக்கொள்வார். இந்த வேலையில் இருந்தவன் என்ற முறையில் மூன்றையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். சீருடைக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதை நாற்காலியில் பன்னிரண்டு மணி நேரம் உட்காரப்போகிற உடம்புக்கு அளவெடுத்துத் தையுங்கள். இன்று வரை அது கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தினர்களின் கண்ணுக்குத்தான் தைக்கப்படுகிறது.

இந்தக் குழப்பம் பிறவியிலேயே வந்தது. 1937 ஜூன் 30 அன்று லண்டனில் 999 என்ற அவசர அழைப்பு எண் தொடங்கியபோது அழைப்பை எடுத்தவர்கள் தபால் துறையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்கள். அவசர அழைப்பு வந்தால் சிவப்பு விளக்கு எரியும், ஹாரன் அலறும். போலீஸா, தீயணைப்பா, ஆம்புலன்ஸா என்று கேட்டு இணைத்துவிடுவார்கள். அமெரிக்காவின் முதல் 911 அழைப்போ 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமா மாநிலத்தின் ஹேலிவில் ஊரில், போலீஸ் நிலையத்தில் இருந்த ஒரு சிவப்பு ஃபோனில் வந்தது. ஒரு பக்கம் எக்ஸ்சேஞ்ச், இன்னொரு பக்கம் காவல் நிலையம். அழைப்பை எடுத்து உதவியை அனுப்பிவைக்கும் டிஸ்பாட்சர் இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. எந்த வீட்டுத் துணியை உடுத்துவது என்பதில்தான் இன்றும் தகராறு.

பல இடங்களில் முதலில் ஃபோன் எடுத்தவர்கள் வெளி டூட்டியிலிருந்து உள்ளே அமர்த்தப்பட்ட காவலர்களும் தீயணைப்பு வீரர்களும்தான். அவர்கள் தங்கள் சீருடையிலேயே வந்து உட்கார்ந்தார்கள். பிறகு இதற்கென்றே தனியாக ஆட்களை எடுத்தபோது சட்டையின் நிறத்தை மாற்றினார்கள், தோளில் வேறு பட்டை ஒட்டினார்கள். வெட்டும் தையலும் அப்படியே நின்றுவிட்டன. நிற்க, நடக்க, ஓட, ஏணி ஏற என்று வடிவமைத்த துணி அது. அந்த பேன்ட்டுக்கு அகலமான பெல்ட் வேண்டும், ஏனென்றால் அதில் வாக்கி டாக்கியும் கைவிலங்கும் தொங்க வேண்டும். டிஸ்பாட்சர் அதில் எதைத் தொங்கவிடுவார்? சாவிக்கொத்தையா?

ஒரு அழைப்பைச் சொல்கிறேன். எதிர்முனையில் இருப்பவரின் அப்பா பேச்சு மூச்சில்லாமல் விழுந்து கிடக்கிறார். ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, ஆனால் அது வந்து சேரும்வரை அந்த மகளின் இரண்டு கைகள்தான் வைத்தியம். மார்பின் நடுவில் கையை வைக்கச் சொல்கிறோம். குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அந்த வேகம் பிசகக் கூடாது என்பதற்காக நாமும் கூடவே உரக்க எண்ணுகிறோம்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. உடம்பு தானாகவே திரையை நோக்கிக் குனிந்துவிடும். ஒரு கை கீபோர்டில், ஒரு கால் ரேடியோவில் பேச மிதிக்கும் பெடலில். இப்போது பெல்ட் பக்கிள் அடிவயிற்றில் குத்துகிறது, இறுக்கமான காலர் கழுத்தைப் பிடிக்கிறது. எண்ணுவதற்கு மூச்சு வேண்டும் ஐயா. அந்த மகள் கைகளை எடுக்காமல் இருப்பது நம் குரலின் தாளத்தை நம்பித்தான்.

அப்புறம் குளிர். கணினிகளும் ரேடியோ கருவிகளும் சூடாகும் என்பதால் ஏசி இறங்கியே இருக்கும். மனித உடலின் உள்வெப்பம் விடியற்காலை நான்கு, ஐந்து மணி வாக்கில்தான் மிகவும் தாழ்ந்திருக்கும். ஆக, நைட் ஷிப்டில் இருப்பவருக்கு இரண்டு பக்கமும் அடி. இந்த அறையில் "சீருடையின் மேல் சொந்த ஸ்வெட்டர் அணியக் கூடாது" என்று ஒரு விதி! இதை எழுதியவர் காலை பத்து மணிக்கு எழுதியிருப்பார். அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றக்கூடிய உடை இந்த வேலையில் ஆடம்பரம் அல்ல, ஹெட்செட் மாதிரியே அதுவும் கருவிதான்.

துணியைப் பற்றியும் ஒன்று. சுருங்காது, அயர்ன் வேண்டாம் என்று பாலியெஸ்டரை வாங்கிக் குவிப்பார்கள். உலர்ந்த குளிர்க்காற்றில் பாலியெஸ்டர் நாற்காலியோடு உரசி உரசி மின்னூட்டம் சேர்த்துக்கொள்ளும். எழுந்து உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று ஒரு அடி. இந்த நிலைமின்சாரம் கருவிகளுக்கு ஆகாது என்று கன்ட்ரோல் ரூம்களில் தனியாகத் தரை விரிப்புப் போடுகிறார்கள். தரைக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, அதன்மேல் நடக்கிறவருக்கு பாலியெஸ்டர் மாட்டிவிடுகிறார்கள். பூட்ஸ் கதையும் அதே. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் கால் வீங்கும். வீங்கிய காலுக்கு கணுக்கால் வரை கயிறு கட்டிய பூட்ஸ்!

சரி, சீருடையே வேண்டாம், "கண்ணியமான உடை" போதும் என்று விட்டுவிடலாமா? எனக்கு அதைவிட இது பயம். கண்ணியம் எது என்று முடிவு செய்வது யார்? அந்த ஷிப்டின் சூப்பர்வைசர். ஒருவர் ஜீன்ஸைக் கண்டுகொள்ள மாட்டார், இன்னொருவர் கையில்லாத மேல்சட்டைக்கு மெமோ கொடுப்பார். இந்த மாதிரி தெளிவில்லாத விதிகள் கடைசியில் பெண்களின் தலையில்தான் வந்து விடியும். ஆண்கள் சாயம்போன டி-ஷர்ட்டில் வந்து நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். எழுதிவைத்த சீருடை என்றால் அந்த இழுபறியாவது இல்லை.

இதற்கிடையில், உண்மையிலேயே தேவைப்படும் விதி ஒன்று பல இடங்களில் இருக்காது: வாசனைத் திரவியம். ஜன்னல் இல்லாத மூடிய அறை, ஒருவர் எழுந்த நாற்காலியில் அடுத்தவர் உட்கார வேண்டும், அழைப்பின் நடுவில் யாரும் வெளியே போய் மூச்சு வாங்கிவிட்டு வர முடியாது. பக்கத்து இருக்கைக்காரருக்கு ஆஸ்துமா இருந்தால் கதை முடிந்தது. காலர் பட்டனைப் பற்றி அரைப் பக்கம் எழுதுகிறவர்கள் செண்டைப் பற்றி ஒரு வரி எழுதலாம். மைக்கின் அருகே கலகலக்கும் வளையல், சங்கிலிக்கும் ஒரு வரி. அது அழைப்பவர் காதிலும் விழும், பதிவிலும் ஏறும்.

சீருடை போட்டால் பொறுப்பு வரும், கவனம் கூடும் என்று ஒரு வாதம் உண்டு. 2012-இல் ஹாஜோ ஆடம், ஆடம் கலின்ஸ்கி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வை இதற்கு மேற்கோள் காட்டுவார்கள். டாக்டர் கோட் என்று சொல்லிக் கொடுத்த வெள்ளை அங்கியை அணிந்தவர்கள் கவனச் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள் என்றது அது. அந்த ஆய்வின் ஒரு பரிசோதனையை 2019-இல் இன்னொரு குழு அதே முறையில் செய்து பார்த்தது. அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே அறிவியலை இதில் இழுக்காமல் இருப்பது நல்லது.

பெருமிதம் என்ற வாதத்தை மட்டும் நான் தள்ள மாட்டேன். யார் கண்ணிலும் படாத வேலை இது. விபத்து நடந்த இடத்தில் எடுத்த படத்தில் போலீஸ்காரர் இருப்பார், தீயணைப்பு வீரர் இருப்பார், டிஸ்பாட்சர் இருக்கவே மாட்டார். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்று காட்ட ஒரு சட்டை கிடைத்தால் மனம் நிறையத்தான் செய்யும். ஆனால் சட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்களே, அங்கேதான் எரிச்சல். அமெரிக்காவின் 2018 தொழில் வகைப்பாட்டில் கூட இவர்களை அலுவலக, நிர்வாக உதவிப் பணியாளர் பிரிவில்தான் வைத்தார்கள். அதைப் பாதுகாப்புப் பணியாக மாற்றச் சொல்லி 2019-இல் ஒரு மசோதா கொண்டுவர வேண்டியிருந்தது. உடையில் வீரர், சம்பளத் தாளில் குமாஸ்தா.

வீட்டுக்குப் போகும் வழியையும் யோசியுங்கள். போலீஸ் சட்டைபோலவே இருக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் நின்றால், அங்கே கைகலப்பு வந்தால் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள். கையில் அதிகாரமும் இல்லை, ரேடியோவும் இல்லை. காவல்துறை மேல் கோபமாக இருக்கும் ஒருவனுக்கும் அந்தச் சட்டைதான் முதலில் கண்ணில் படும். அதனால் உடை மாற்ற ஒரு அறையும் லாக்கரும் இல்லாத இடத்தில் இந்த மாதிரிச் சீருடையைக் கட்டாயமாக்கக் கூடாது. வெள்ளம், காட்டுத்தீ என்று களத்துக் கட்டளை வண்டிக்கு டிஸ்பாட்சரை அனுப்பும்போது மட்டும் கதை வேறு. அங்கே யார் யார் என்பது தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். பதவி எழுதிய ஒரு வெஸ்ட்டை மேலே மாட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பருத்தி கலந்த, இழுபடும் துணியில் ஒரு போலோ சட்டை, பேட்ஜுக்குப் பதில் தையல் பெயர், எலாஸ்டிக் இடுப்பு பேன்ட், அதே நிறத்தில் கனமான ஒரு மேலுடை. கர்ப்பிணிகளுக்கு முதல் நாளிலிருந்தே தனி அளவு, கடிதம் எழுதி அனுமதி கேட்க வைக்காமல். கட்டாயம் என்றால் செலவு நிர்வாகத்துடையது, மாற்று ஜோடிகளுக்கும் சேர்த்து. துணி மாதிரியை மீட்டிங் ஹாலில் ஹேங்கரில் மாட்டிவைத்து ஓட்டெடுக்காதீர்கள். நைட் ஷிப்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்து, முழு ஷிப்டும் போட்டு உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆர்டரில் கையெழுத்துப் போடப்போகிற அதிகாரிக்கும் அவர் அளவில் ஒரு செட் கொடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார வையுங்கள்.