பூங்குழலி என்ற மனைவிக்கு என்ன பெயர்?

'நண்பகல் நேரத்து மயக்கம்' என்ற மலையாளப் படத்தைப் பற்றி வரும் பதிவுகளில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஜேம்ஸுக்கு என்ன நடந்தது? ஆவி புகுந்ததா, கனவா, மனநோயா? இயக்குநர் லிஜோ ஜோஸ் பெல்லிசேரி பதில் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டது நல்லதே. என்னை அலைக்கழித்தது வேறு. ஒருவன் 'நான் சுந்தரம்' என்று நின்றால், யார் யார் சம்மதித்தால் அவன் சுந்தரம் ஆவான்?

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: வேளாங்கண்ணி போய்த் திரும்பும் மலையாளிகளின் பஸ். நாடகக் குழு நடத்தும் ஜேம்ஸ் (மம்மூட்டி) வழியில் இறங்கி, சோளக்காட்டைக் கடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறான். இரண்டு வருடத்துக்கு முன் காணாமல் போன சுந்தரத்தின் வீட்டுக்குள் சுந்தரமாகவே நுழைந்து, லுங்கி கட்டி, மாட்டுக்குத் தீனி வைக்கிறான்.

எர்விங் கோஃப்மன் என்ற சமூகவியலாளர் 1956இல் அன்றாட வாழ்க்கையை நாடக மேடையாக விளக்கினார். ஆளுக்கொரு வேடம், பார்ப்பவர் நம்பும்வரைதான் அது நிற்கும். இலங்கையில் எங்கள் திருகோணமலைச் சனத்துக்கு இதைப் புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. போர்க்காலத்தில் சோதனைச் சாவடி வருமுன் பொட்டை அழித்த அக்காமார், பஸ்ஸில் தமிழில் கதைக்கப் பயந்து வாய் மூடி இருந்தவர்கள், அடையாள அட்டையை நீட்டும்போதே முகத்தை மாற்றிக்கொண்டவர்கள் இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. கோஃப்மனின் மேடையில் நடிப்புப் பிசகினால் வெட்கம். எங்களுக்கு உயிர் போகும்.

ஆனால் சுந்தரமாக இருக்கும் ஜேம்ஸ் நடிக்கவில்லையே! வேடத்தைக் கழற்றி வைக்க அவனுக்கு மேடைக்குப் பின்னால் ஓர் இடமும் இல்லை. இங்கே ஜோர்ஜ் ஹெர்பர்ட் மீட் என்ற சமூகச் சிந்தனையாளர்தான் எனக்கு உதவினார். மற்றவர்கள் நம்மைப் பார்க்கும் பார்வையை உள்ளே வாங்கித்தான் 'நான்' உருவாகிறது என்றவர் அவர். சுந்தரத்தின் உள்ளே அந்த ஊர் முழுதாக இருக்கிறது, வெளியே அதே ஊர் அவனை அந்நியனாகப் பார்க்கிறது. அவன் உடைந்து போவது அதனால்தான். கண் தெரியாத தாய்க்கு மட்டும் அவன் வந்தது ஒரு பிரச்சினையாகவே இல்லை.

சரி, சுந்தரத்தின் மனைவி பூங்குழலி? ரம்யா பாண்டியன் அதிகம் பேசாமலே செய்திருக்கும் அந்தப் பாத்திரம்தான் எனக்குப் படத்தின் நடு. கணவன் காணாமல் போனவளுக்குச் சமூகம் எந்த வேடத்தையும் எழுதி வைக்கவில்லை. மனைவி என்றால் கணவன் எங்கே? விதவை என்றால் சாவு எங்கே? எங்கள் மாவட்டத்தில் 1990இலும் அதற்குப் பிறகும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமார் இதற்குள்தான் வாழ்கிறார்கள். பொட்டு வைத்தால் ஒரு கதை. வைக்காவிட்டால், "அப்ப நீயே அவரை முடிச்சிட்டியா?" அந்தியேட்டி என்ற ஈமக்கிரியை செய்ய மனம் வராது, கல்யாண வீட்டில் முன்னுக்கு நிற்க விடமாட்டார்கள். 2016இல் வந்த சட்டத்திருத்தம் மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமல் போனதற்கென்றே ஒரு சான்றிதழ் எடுக்க வழி செய்தது. காகிதத்தில் ஓர் இடம் கிடைத்தது. ஊருக்குள் இன்னும் கிடைக்கவில்லை.

அதனால்தான் ஜேம்ஸ் நுழையும்போது பூங்குழலியின் முகத்தில் அத்தனை குழப்பம். வந்தவன் தன் கணவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவன் செய்வதெல்லாம் அவளுடைய கணவன் செய்தவை. பஸ்ஸில் வந்த ஜேம்ஸின் மனைவிக்கோ இதன் மறுபக்கம்: கணவன் கண்ணெதிரே நிற்கிறான், அவளுக்குரியவனாக இல்லை. இந்த இரண்டு பெண்களும் தனியே இருந்து கதைக்கும் ஒரு காட்சிக்காக நான் ஏங்கினேன். படம் மம்மூட்டியின் முகத்தை விட்டு நகரத் தயங்குகிறது. எவ்வளவு பெரிய நடிப்பாக இருந்தாலும் அது குறைதான் என்பேன்.

ஊரில் இந்தப் படத்தைத் திரையிட்டுக் கலந்துரையாட நினைக்கும் தம்பி, தங்கைமாரிடம் ஒன்று கேட்கிறேன். ஜேம்ஸின் நோய்க்குப் பெயர் தேடுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். காணாமல் ஆக்கப்பட்ட தம்மவரின் புகைப்படங்களை 2017 முதல் ஏந்தித் தெருவில் நிற்கும் பெண்களில், வர விரும்புகிறவர்களை அழையுங்கள். விமர்சகர்களுக்கு முன் அவர்களைப் பேச விடுங்கள்.