சேப்பல் நேரத்தில் பிள்ளை எங்கே உட்காரும்?

சிங்கப்பூரில் தொடக்கநிலை 1 பதிவு என்றால் தூரம், தொண்டூழிய மணிநேரம், குலுக்கல் எல்லாவற்றையும் அலசி ஆராய்கிறோம். கிறிஸ்துவ மிஷன் பள்ளியோ, பௌத்த அமைப்பின் பள்ளியோ, இடம் கிடைத்தால் போதும். அங்கே சேப்பல் போன்ற வழிபாட்டு நேரத்தில் நம் பிள்ளை என்ன செய்யும் என்று கேட்பவர்கள் குறைவு. ஜனவரியில் பிள்ளை வீட்டில் துதிப்பாட்டை முணுமுணுக்கும்போதுதான் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. ஒரு சமயக் குழு தன் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தி, அங்கே தன் சமயத்தைச் சொல்லித்தரலாம் என்கிறது அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு. ஆனால் வேறு சமயத்தின் போதனையோ சடங்கோ வழிபாடோ யார்மீதும் கட்டாயமில்லை என்கிறது அதன் 3ஆம் உட்பிரிவு. பலர் கவனிக்காதது 4ஆவது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தை முடிவுசெய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர். அதாவது விலக்குக் கேட்க வேண்டியவர்கள் நாம். ஏழு வயதுப் பிள்ளை எழுந்து நின்று, "டீச்சர், நான் பாடமாட்டேன்" என்று சொல்லும்படி விடக்கூடாது.

இடம் உறுதியானதும் பள்ளி அலுவலகத்தில் கேளுங்கள். சேப்பல் எந்த நாள், எத்தனை நிமிடம், அசெம்பிளியிலும் ஜெபம் உண்டா? பிறகு முதல்வருக்கு மின்னஞ்சல். எதற்கு விலக்கு என்பதைப் பிரித்து எழுதுங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கலாம், ஆனால் பாடவோ கைகூப்பவோ வேண்டாம் என்றால் அப்படியே எழுதுங்கள். கடைசியில் ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும், யார் பார்த்துக்கொள்வார்கள்? இதைக் கேட்காமல் விட்டால், விலக்குக் கிடைத்த பிள்ளை தண்டனை வாங்கியதுபோல் வெளியே தனியாக நிற்கும். அடுத்த வாரமே "நானும் உள்ளே போறேன்" என்றுவிடும். வகுப்பாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்வதும் நிற்காது. ஆசிரியர் மாறியதும் பேச்சு காற்றோடு போகும். ஒவ்வொரு ஜனவரியிலும் அதே மின்னஞ்சலை மறுபடி அனுப்புங்கள்.

"விருப்பப்பட்டவர்கள் மட்டும்தானே" என்பார்கள். நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 22 சொற்களில் ஒரு பொதுப் பிரார்த்தனை இருந்தது. விருப்பமில்லாத பிள்ளை வாய்மூடி இருக்கலாம், வெளியேயும் போகலாம். அப்படியிருந்தும் 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசு பின்னால் நின்றாலே சிறுபான்மைப் பிள்ளைமீது மறைமுக அழுத்தம் விழும் என்பதையும் அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. நம்மூரில் 1984இல் உயர்நிலை 3, 4 மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய சமய அறிவுப் பாடத்தை, 1989இல் அரசாங்கமே கைவிட முடிவெடுத்தது.

இப்போது நம் பக்கத்தைப் பார்ப்போம். அரசாங்கப் பள்ளியில் தீபாவளி நிகழ்ச்சி. குத்துவிளக்கு, கோலம், மாவிலைத் தோரணம் வரை பண்பாடு என்று ஏற்கலாம். கற்பூர ஆரத்தி காட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நெற்றியில் விபூதி வைத்தால் அது வழிபாடு. அந்த வரிசையில் தமிழ் முஸ்லிம் பிள்ளையும் தமிழ்க் கிறிஸ்துவப் பிள்ளையும் நிற்கிறார்கள். தலையைப் பின்னால் இழுக்கும் பிள்ளையிடம் "சும்மா வச்சுக்கோம்மா" என்பவர் அன்பாகத்தான் சொல்கிறார். சேப்பலில் "சும்மா கூடப் பாடு" என்பவரும் அன்பாகத்தான் சொல்கிறார். சேப்பலுக்கு விலக்குக் கேட்கும் வாயால் இதை நியாயப்படுத்த நம்மால் முடியாது.

ஏற்பாட்டுக் குழுவில் இருக்கும் பெற்றோரே, விளக்கை மாணவர்கள் வருமுன் ஏற்றிவிடுங்கள். கடவுள் வாழ்த்துக்குப் பதில் தமிழ் வாழ்த்துப் பாடவையுங்கள். வாசலில் விபூதித் தட்டு வேண்டாம். பன்னீரும் கற்கண்டும் வையுங்கள்.