விடைபெற ஒரு நாள் இல்லை

ஜெர்மனியில், கோட்டிங்கனில் ஓராண்டு ஆய்வு முடிந்தது. கடைசி வாரம் யார் யாரைப் பார்ப்பது என்று ஆசையாகக் கணக்குப் போட்டிருந்தேன். எங்கே விட்டார்கள்! நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும்; அதையும் கிளம்புவதற்கு 7 நாளுக்கு மேல் முன்னதாகச் செய்ய முடியாது. அப்புறம் வங்கிக் கணக்கு, காப்பீடு, சாவி.

வீட்டு முன்பணம் திரும்ப வரவேண்டுமே என்று ஜன்னல் விளிம்பைப் பழைய பனியனால் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஆய்வகத் தோழி வந்தாள். கையில் அவளே செய்த ஆப்பிள் கேக், இன்னும் சூடு ஆறவில்லை. என் கையெல்லாம் சோப்பு நுரை. ஒரு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவளை வாசலில் நிற்கவைத்தே இரண்டு நிமிடத்தில் அனுப்பினேன். சரியாகக் கட்டிக்கொள்ளக்கூட முடியவில்லை. நெஞ்சு ஆறவே இல்லை. அந்தப் பதிவு நீக்கத்தை ஒரு மாதம் முன்பே முடிக்க விட்டால் என்ன?