"நீ ஒண்ணும் பண்ணாதே, நாங்க பாத்துக்கறோம்!"

குழந்தையின் பிறந்தநாள் என்ன, வங்கக் கடலில் திடீரென்று உருவாகும் புயலா? ஏழு வருடமாக ஒரே தேதியில்தான் வருகிறது. காலண்டரில் இருக்கிறது. ரயிலில்கூட 60 நாள் முன்னாலேயே டிக்கெட் போட்டுக்கொள்ளலாம். ஆனால் என் புகுந்த வீட்டு மக்களுக்கு மட்டும் முந்தின நாள் இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் அது ஞாபகம் வரும். அதற்குப் பெயர் 'சர்ப்ரைஸ்'.

இந்த ஜூலையில் மகளுக்கு 7 வயது முடிந்தது. செவ்வாய்க்கிழமை. நாங்கள் போட்டிருந்த திட்டம் ரொம்பச் சின்னது. காலையில் பள்ளிக்கூடம், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர், ஒரு கிலோ கேக், கொஞ்சம் சமோசா. அவ்வளவுதான்.

பெரியவர்களுக்கு இது ஒன்றுமில்லாத திட்டம். அவளுக்கு அப்படியில்லை. பிறந்தநாள் அன்று மட்டும்தான் அவள் பள்ளியில் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு போகலாம். வகுப்பில் 34 பேருக்கும் சாக்லேட் கொடுக்கலாம். அதைவிடப் பெரிய விஷயம், ஒரே ஒரு தோழியைத் தேர்ந்தெடுத்து, டப்பாவை அவள் கையில் கொடுத்து, இரண்டு பேருமாக மற்ற வகுப்பு மிஸ்களுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்துவிட்டு வரலாம். அந்தத் தோழி யார் என்பதை இரண்டு வாரத்தில் மூன்று முறை மாற்றினாள். சட்டசபைத் தேர்தலுக்கு வேட்பாளர் அறிவிப்பதுகூட இவ்வளவு யோசனையோடு நடந்திருக்காது. எங்கள் வீட்டில் முன்கூட்டித் திட்டம் போட்ட ஒரே ஆள் அவள்தான்.

திங்கள் இரவு குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்தது அறிவிப்பு. திருச்சியிலிருந்து மாமனார், மாமியார், கொழுந்தனார் குடும்பம் என்று ஐந்து பேர் பஸ் ஏறியாகிவிட்டது. வேளச்சேரியிலிருந்து நாத்தனார் வீட்டு நான்கு பேர் காலையில் வந்துவிடுவார்கள். "பாப்பாவுக்கு லீவு போட்டுடு. கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வண்டலூர் ஜூ. நீ ஒண்ணும் பண்ணாதே, நாங்க பாத்துக்கறோம்."

ஒன்றும் பண்ண வேண்டாமாம்! பதின்மூன்று பேருக்குக் காலை டிபன் யார் வானத்திலிருந்து இறக்குவது? அரிசி நாலு மணி நேரம் ஊற வேண்டும், அரைத்த மாவு எட்டு மணி நேரம் புளிக்க வேண்டும். மாவுக்கு வாட்ஸாப் பார்க்கத் தெரியாது. விடியற்காலை நாலரைக்குக் கிளாம்பாக்கத்தில் இறங்கி ஐந்தரைக்குத் தாம்பரத்தில் என் வீட்டு மணியை அடித்தார்கள். அந்த நேரத்தில் எந்தக் கடையில் மாவு வாங்குவது? ரவையை வறுத்தேன். அத்தை தட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பொறந்தநாளும் அதுவுமா உப்புமாவா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

இதற்கு நடுவில் நட்சத்திரப் பஞ்சாயத்து வேறு. உண்மையான பிறந்தநாள் ஆடி மாத நட்சத்திரப்படி வெள்ளிக்கிழமைதானாம், அன்றைக்கு அவர்களால் இருக்க முடியாதாம், அதனால் செவ்வாய்க்கிழமையே 'சேர்த்து' முடித்துவிடலாமாம். நிலா சுமார் 27 நாளில் ஒரு சுற்று வருவதால் சில வருடங்களில் ஒரே தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் இரண்டு முறை வந்துவிடும். அந்த மாதிரி வருடத்தில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டிமன்றம் நடக்கும். இந்த வருடம் ஒன்றோடு போனது.

மகள் கலர் டிரஸ்ஸும் சாக்லேட் டப்பாவுமாக வாசலில் நின்று, "நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். ஒன்பது பேரும் சிரித்தார்கள். "ஸ்கூலுக்கு லீவு விட்டா அழற புள்ளைய இப்பதான் பாக்கறோம்!" இவரைப் பார்த்தேன். இவர் ரொம்ப மும்முரமாக செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா, தங்கை, தம்பி மூன்று பேரும் ஒரே இடத்தில் இருந்தால் இவருக்குச் செருப்பு கிடைக்கவே கிடைக்காது.

கோயில் முடிந்து, இரண்டு கால் டாக்சி பிடித்து வண்டலூர் போய் இறங்கினோம். கேட் பூட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை உயிரியல் பூங்காவுக்கு வார விடுமுறை. இது ஒன்றும் ராணுவ ரகசியம் இல்லை, போனில் ஒரு தட்டு தட்டினால் தெரிந்துவிடும். திட்டம் போட்ட ஒன்பது பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. விடியற்காலையில் அதே வண்டலூரைத் தாண்டித்தான் ஐந்து பேர் வந்தார்கள்! நாத்தனார் என்னிடம் திரும்பி, "அண்ணி, நீங்க இந்த ஊர்க்காரங்கதானே, சொல்லக் கூடாதா?" என்றார். என்னிடம் யார் கேட்டார்கள்? நான் ஒன்றும் பண்ணக் கூடாத ஆள் ஆயிற்றே.

அப்புறம் ஜிஎஸ்டி சாலை ஓரத்தில், ஜூலை வெயிலில், முக்கால் மணி நேரம் மாநாடு. ஒருவர் மெரினா என்றார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மெரினா! கடைசியில் ஏதோ ஒரு மாலில் போய் உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டு வாங்கி, பெரியவர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணக் கதை பேசினார்கள். பாப்பா மேஜைக்கடியில் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பலாம் என்று நான்கு முறை சொன்னேன். "எதுக்கு இப்படிப் பறக்கறே?"

வீட்டுக்கு வந்தபோது மணி ஏழேகால். அந்த ஆறு பிள்ளைகளும் ஐந்து மணிக்கே நல்ல டிரஸ் போட்டுக்கொண்டு வந்து, மணி அடித்துப் பார்த்து, பரிசுகளை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். காலையில் கிளம்பின அமளியில் அவர்கள் அம்மாக்களுக்கு ஒரு போன் போடக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அது மட்டும் என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி மன்னிப்புக் கேட்டேன்.

இரவு ஒன்பது மணிக்குக் கேக். பாப்பா தூங்கிப்போயிருந்தாள். எழுப்பி நிற்க வைத்தார்கள். மெழுகுவர்த்தியை ஊதக் கூடாது, விளக்கு ஏற்ற வேண்டும் என்று அத்தை. சரி, ஏற்றினோம். கேக்கில் முட்டை போட்டிருக்கிறதா என்று கேட்டு, போட்டிருக்கிறது என்றதும் மாமனார் தவிர யாரும் தொடவில்லை. கண் திறக்காத குழந்தையின் கையைப் பிடித்து வெட்ட வைத்து எடுத்த படம் பத்தரைக்குக் குடும்பக் குழுவில் ஏறியது: 'செல்லத்தின் மறக்க முடியாத பிறந்தநாள்!' 41 இதயங்கள். இவரும் ஒன்று போட்டிருந்தார்.

புதன்கிழமை யூனிஃபார்மில் டப்பாவோடு போனாள். பிறந்தநாள் அன்று மட்டும்தான் கொடுக்கலாம் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம். பாதி உருகிப்போன சாக்லேட் ஃபிரிட்ஜில் அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை.

இன்று காலை குழுவில் மறுபடி ஒரு செய்தி. "சின்னவனுக்கு செப்டம்பர்லதானே பொறந்தநாள்? நீ ஒண்ணும் பண்ணாதே." அன்றைக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு என் அம்மா வீட்டுக்குப் போகப் போகிறேன். முந்தின நாள் இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் சொல்லுவேன்.