அது புறம்போக்கு இல்லை, தம்பி

ஞாயிற்றுக்கிழமை நம் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுதவே கூடாது என்று மூன்று நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நேற்று யாரோ அந்த வீடியோவை வெட்டி, நான் எழுந்து கேட்ட கேள்வியை விட்டுவிட்டு, அதற்கப்புறம் வந்த சிரிப்பை மட்டும் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். கீழே வரிசையாக இதயங்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கதை தெரியும். வராதவர்களும் இதற்குள் பார்த்திருப்பீர்கள். "துர்கானாவில் முதலீடு" என்று தம்பி ஒருவர் பேசினார். துர்கானா என்றால் கென்யாவின் வடமேற்கில் ஆடு, ஒட்டகம் மேய்க்கிற வறண்ட பகுதி. நல்ல பேச்சாளர், மறுக்கவில்லை. எண்ணெய், காற்று, வெயில், தங்கம், ஏரி என்று எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு டிரோனில் எடுத்த படம் ஒன்றைப் போட்டார். அடியில் ஒரு வரி: காலி நிலம், கேட்க ஆளில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். "தம்பி, படத்துல இடது ஓரமா வட்டமா முள்ளு கிடக்கே, அது என்ன?"

"ஏதோ காய்ஞ்ச செடிண்ணே."

அது காய்ந்த செடி இல்லை. பட்டி. முள்ளை வெட்டி வட்டமாக அடுக்கி, ராத்திரி ஆட்டை உள்ளே அடைக்கிற பட்டி. பக்கத்திலேயே சின்னச் சின்ன வட்டமாக இன்னும் மூன்று, குட்டிகளுக்கு. அது ஒரு குடும்பத்தின் வீடு. மழை பெய்த பக்கம் மந்தையை ஓட்டிப் போயிருக்கிறார்கள். இந்தப் பக்கம் புல் வந்ததும் வருவார்கள். நீங்கள் தீபாவளிக்கு ஊருக்குப் போன நேரம் பார்த்து யாராவது உங்கள் ஃபிளாட்டை டிரோனில் படமெடுத்து "காலி வீடு" என்று போட்டால் சும்மா இருப்பீர்களா?

இதைச் சொன்னதற்குத்தான் "அண்ணன் ஆடு மேய்க்கிறவங்களுக்கு வக்கீல்" என்றார் மைக் பிடித்திருந்தவர். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

மறுபடியும் சொல்கிறேன், அது காலி நிலம் இல்லை. அங்கே மரத்துக்குக்கூட ஆள் உண்டு. துர்க்வெல் ஆற்றோரம் நிற்கிற கருவேல இன மரங்களின் நெற்று கோடைக்கால ஆட்டுத் தீவனம். எந்த மரத்து நெற்றை எந்தக் குடும்பம் பொறுக்கலாம் என்பதற்கு எக்வார் என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. பத்திரம் இல்லை, அவ்வளவுதான். பத்திரம் இல்லாததெல்லாம் காலி என்றால் நம் ஊரில் பாதி கோயில் காலி.

"அப்போ முதலீடே வேண்டாமா, அவங்க அப்படியே கிடக்கட்டுமா?" என்று இன்பாக்ஸில் நாலு பேர். ஐயா, நான் சோலார் பம்பு விற்கிறவன். பதினோரு வருஷமாக துர்கானாவின் தலைநகரான லோட்வார் பக்கம் போர்வெல்லில் பம்பு இறக்கித்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. முதலீட்டைத் திட்டினால் என் வாயில் நானே மண் போட்டுக்கொண்ட மாதிரி. நான் சொல்வது, முதலில் நிலம் யாருடையது என்று பார், அந்த ஆளிடம் கேள், அப்புறம் ஸ்லைடு போடு.

இது தர்ம நியாயம் மட்டும் இல்லை, சட்டமும் அதுதான். 2016இல் கென்யாவில் சமூக நிலச் சட்டம் வந்தது. இன்னும் பதிவாகாத சமூக நிலத்தை கவுண்டி அரசு (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது, அவ்வளவே. அதை விற்கவோ தனியாருக்கு மாற்றவோ கவுண்டிக்கே உரிமை இல்லை. "கவுண்டியில நம்ம ஆள் இருக்கார், முடிச்சுத் தருவார்" என்று மேடையில் சொன்னீர்களே, அவர் எதை முடித்துத் தருவார்?

துர்கானா ஏரிக்குக் கிழக்கே, மார்சபிட் கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். 365 காற்றாலை, 310 மெகாவாட், ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய காற்றாலைகளில் ஒன்று. 1,50,000 ஏக்கர். 2014இல் அந்த ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள். 2021 அக்டோபரில் மேரு நீதிமன்றம் அந்த நிலப் பட்டாக்கள் முறைப்படி வாங்கப்படவில்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆலை கட்டி முடித்து, சுற்றி, கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும்போது! முதலிலேயே கேட்டிருந்தால் செலவு என்ன, நாலு கூட்டம், பத்து ஆடு. நியாயமாகச் சொன்னால் அந்தத் திட்டத்தால் லைசாமிஸ் என்ற ஊரிலிருந்து 200 கிலோமீட்டருக்கு நல்ல ரோடு வந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். கரண்ட் நைரோபி பக்கம் இருக்கிற சுஸ்வாவுக்குப் போகிறது, 400 கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்து. கம்பிக்கு அடியில் இருக்கிற குடிசையில் டார்ச் லைட்.

எண்ணெய்க்கு வருகிறேன். 2012இல் துர்கானாவில் லோகிச்சார் பக்கம் கண்டுபிடித்த முதல் கிணற்றின் பெயர் ங்காமியா. சுவாஹிலியில் ஒட்டகம். ஒட்டகம் வளர்க்கிறவனின் நிலத்தில் துளை போட்டு அதற்கு ஒட்டகம் என்றே பெயர் வைத்த ரசனையைப் பாராட்டத்தான் வேண்டும். வருமானத்தில் அந்த மக்களுக்கு 10 சதவீதம் என்று மசோதாவில் இருந்தது, இழுபறிக்குப் பிறகு 2019 சட்டத்தில் 5 ஆனது. 2018இல் எண்ணெய் லாரிகளை ஊர்க்காரர்கள் மறித்தபோது நம் குரூப்பில் "முன்னேறத் தெரியாத ஜனம்" என்று ஒருவர் எழுதினார். அவரும் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில்தான் இருந்தார்.

"புதையல்" என்ற வார்த்தையைக் கேட்டாலே அங்கே இருக்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். முன்பு நார்வே பணத்தில் ஏரிக்கரையில் கலோகோலில் மீன் பதனிடும் ஆலை கட்டினார்கள். குளிரூட்டுகிற செலவு மீன் விலையைத் தாண்டியது, அப்புறம் அந்தக் குடாவில் தண்ணீரே வற்றியது. 2013இல் துர்கானாவின் லோடிகிபியில் நிலத்தடிக் கடல் கிடைத்துவிட்டது, நாட்டுக்கே எழுபது வருஷத்துக்குத் தண்ணீர் என்றார்கள். தோண்டிப் பார்த்தால் உப்பு. இதெல்லாம் எதற்கு, 1965இல் அரசாங்கமே ஒரு கொள்கை அறிக்கையில் மழையும் மண்ணும் நன்றாக இருக்கிற இடத்தில்தான் பணம் போடுவோம் என்று எழுதி வைத்தது. அதாவது துர்கானாவில் ஒன்றும் இல்லை. ஐம்பது வருஷம் ஒன்றும் இல்லை, இப்போது எல்லாம் இருக்கிறது. இரண்டு தடவையும் அங்கே இருக்கிறவனைக் கேட்கவில்லை.

என் சொந்த மண்டையில் விழுந்த குட்டையும் சொல்கிறேன். சில வருஷம் முன்பு ஓரிடத்தில் போர்வெல் போட்டு முடித்துத் திறப்பு விழா. குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, எல்லாரும் கை தட்டுகிறார்கள். ஒரு பெரியவர் மட்டும் தன் குட்டி மர முக்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்காமல் சுற்றிலும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன மஸே (பெரியவரே) என்றேன். "இங்கே தண்ணீர் இல்லாததால்தான் இந்தப் புல் பஞ்சத்துக்கு மிஞ்சியது. இனி வருஷம் பூரா எல்லா மந்தையும் இங்கேயே நிற்கும். அடுத்த பஞ்சத்துக்கு என்ன செய்வோம்?" எனக்கு வாயில் பேச்சில்லை. இரண்டு வருஷம் கழித்துப் போனபோது அந்தக் குழாயைச் சுற்றி வெறும் புழுதி. என் பம்பு மட்டும் அருமையாக ஓடிக்கொண்டிருந்தது.

"2020இலிருந்து 2023 வரை வறட்சியில் லட்சக்கணக்கில் ஆடு மாடு செத்ததே, இன்னும் மேய்ச்சலா" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். தொடர்ந்து ஐந்து மழைப் பருவம் பொய்த்தது, நாடு முழுக்க 20 லட்சத்துக்கும் மேல் செத்தது. ஆற்றோரம் எலும்பாகக் கிடந்ததை நானே பார்த்தேன். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் பஞ்ச காலத்துக்கு என்று வைத்திருக்கிற நல்ல இடத்தை வேலி போட்டு அடைத்துவிட்டு, பார் ஆடு சாகிறது, மேய்ச்சல் உதவாது என்று சொன்னால் எப்படி? துப்பாக்கிச் சண்டை, மாட்டுக் கொள்ளை பற்றிக் கேட்பவர்களுக்கு: உண்டு. நம் ஊரில் வாய்க்கால் வரப்புத் தகராறில் வெட்டு விழுவதில்லையா?

அந்தச் சிரிப்புதான் போகமாட்டேன் என்கிறது. "படிக்கலேன்னா ஆடுதான் மேய்ப்பே" என்று அடி வாங்கி வளர்ந்த கூட்டம் நாம். எனக்கு அந்த வசவு எப்போதுமே விளங்கியதில்லை, ஏனென்றால் என் தாத்தா மேய்த்தார். சிவகங்கைப் பக்கம் கீதாரி, ஆட்டு மந்தை ஓட்டிப் போகிறவர். நூற்றிருபது செம்மறி. அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர்ப் பக்கம் ஓட்டிப் போய் வயலுக்கு எருவாக ராத்திரியில் ஆட்டை அடைத்துக் கிடை போடுவார். ராத்திரிக்கு இவ்வளவு என்று பேசி நெல்லாகவோ பணமாகவோ வாங்குவார். அந்த வயலும் கோடையில் பார்த்தால் காலிதான்.

ஊருக்குத் திரும்பினால் மேய்க்கால் புறம்போக்கு. ஒரு நாள் அதில் கல் ஊன்றிக் கம்பி வேலி போட்டார்கள். எதற்கு என்று கேட்கப் போன தாத்தாவை, "உன் பேர்லயா இருக்கு?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டு தவணையாக ஆட்டை விற்றார். முப்பது வருஷம் ஆகிறது. வேலிக்குள்ளே ஒரு செங்கல்லும் வைக்கவில்லை, சீமைக்கருவேலம்தான் நிற்கிறது. லோட்வார் ரோட்டிலும் அதே சீமைக்கருவேலம், மாதெங்கே என்பார்கள். அதுவும் வளர்ச்சித் திட்டத்தில் வந்ததுதான். கென்யாவின் பாரிங்கோ மக்கள் அந்த நெற்றைத் தின்று பல் கொட்டிப்போன ஆட்டை நைரோபி நீதிமன்றத்துக்கே கொண்டு வந்து காட்டினார்கள். அதற்கும் அன்றைக்கு யாராவது சிரித்திருப்பார்கள்.

வீடியோவில் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிக்கிறவர் யார் என்று எனக்குத் தெரியும். எனக்குப் பக்கத்து ஊர். அவர் அப்பா நாலு கோடை என் தாத்தாவின் கிடையில் காவல் படுத்தவர். பெயர் போடமாட்டேன், அவர் இதைப் படிப்பார்.

வியாழக்கிழமை ஒரு பம்பு ரிப்பேருக்கு லோட்வார் போகிறேன். டவுனைத் தாண்டினால் சிக்னல் வராது. கமென்ட்டுக்குப் பதில் வரவில்லையே என்று யாரும் ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம்.